ஆறு-ஐந்து என்று ஒரு செட் முடியாது

1. நாற்காலி வந்த விதம்

வேலையில் சேர்ந்த அன்று எனக்கு நாற்காலி தரவில்லை. விழுப்புரத்தில் வருவாய்த் துறையைச் சேர்ந்த ஒரு அலுவலகம். எது என்று சொல்லமாட்டேன். அங்கே இப்போது வேலை பார்ப்பவர்கள் இதற்கெல்லாம் சம்பந்தமில்லாதவர்கள், பாவம். இளநிலை உதவியாளர் போஸ்டிங் ஆர்டரை நீட்டினேன். சூப்பிரண்டென்ட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவா? இன்னா கேம்மா?"

"டென்னிஸ் சார். ஸ்டேட் சிங்கிள்ஸ் சாம்பியன்."

"ஷட்டிலா?"

"டென்னிஸ் சார்."

"எல்லாம் ஒண்ணுதான். ஃபைலெல்லாம் உனக்கு எதுக்கும்மா? சாயந்திரம் ஷூ போட்டுக்கினு கிளப்புக்குப் போ. ஐயாவுக்கு ஆடறதுக்கு ஆளில்லாம பேஜாரு பண்ணிக்கினு இருக்காரு."

ஐயா என்று அவர் சொன்னது, அப்போதுதான் பயிற்சி முடித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்த இளம் அதிகாரியை. நான் கிளம்பும்போது சூப்பிரண்டென்ட் மறுபடி கூப்பிட்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஐயாதான் ஜெயிக்கணும். அதுக்காக நீ விட்டுக்குடுத்த மாதிரியும் தெரியக் கூடாது. இன்னா, புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. என் அப்பா திண்டிவனத்தில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தவர். மார்க்கர் என்றால் காலையில் மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்பில் கோடு போடுகிற ஆள். மெம்பர்களுக்கு ஜோடி கிடைக்காத நாளில் அவர்களோடு ஆடவும் வேண்டும், ஆடித் தோற்கவும் வேண்டும். காலனியிலிருந்து வந்தவர் என்பதால் அந்த கிளப்பின் பிரம்பு நாற்காலியில் ஒரு நாள்கூட அவரை உட்காரச் சொன்னதில்லை. நானும் அந்தக் கோர்ட்டில்தான், மெம்பர்கள் வருவதற்கு முன்னால், அவரிடம் ஆடக் கற்றேன். தோற்பதை அவர் எனக்குக் கற்றுத்தரவே இல்லை. பார்த்துப் பார்த்து அதுவும் வந்துவிட்டது.

தோற்பதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. பந்தை நெட்டில் அடித்தால் வேண்டுமென்றே செய்தது போல் தெரியும். கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழும்படி அடிக்க வேண்டும். நாலு-நாலு வரை கூடவே போக வேண்டும். பிறகு சர்வீஸை இரண்டு தடவையும் தவறவிட்டு ஒரு டபுள் ஃபால்ட், இரண்டு பேக்ஹேண்ட் வெளியே, போதும். அன்று ஆறு-நாலில் தோற்றேன். ஐயா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கிளப் முழுக்கச் சொன்னார்: "ஸ்டேட் சாம்பியன்யா. நல்ல ஃபைட் குடுத்தாங்க."

மறுநாள் காலை எனக்கு நாற்காலி போடப்பட்டிருந்தது. நானும் உட்கார்ந்தேன். அதை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

2. கோட்டா மேடம்

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். துறைத் தேர்வுகளை எல்லோரையும் போல எழுதித்தான் பாஸ் செய்தேன். அதற்குக் கோட்டா கிடையாது. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக ஏரிக்கரை உடைப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறேன். மயிலத்தில் பங்குனி உத்திரக் கூட்டத்துக்கு எத்தனை வருஷம் டியூட்டி பார்த்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. ஆனாலும் ஒரு ஃபைலில் நான் கேள்வி போட்டால் அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் வரும்: "கோட்டா மேடம் சர்வீஸ் போட்டுட்டாங்கப்பா." சிரிப்பார்கள். கூடச் சிரிக்கச் சொல்லி என்னையும் பார்ப்பார்கள்.

திண்டிவனத்தில் தாசில்தாராக உட்கார்ந்த முதல் வாரம், பட்டா மாறுதலுக்கு வந்த ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்துகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க பந்தடிச்சு வேலைக்கு வந்தவங்களாமே. சர்வே நம்பரெல்லாம் பாக்கத் தெரியுமாங்க?"

அவர் கொண்டுவந்த வரைபடத்தில் உட்பிரிவு எண் தப்பாக இருந்ததைக் காட்டினேன். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே போய் டீக்கடையில், "பந்தடிக்கிறவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல" என்றாராம். வேலை தெரிகிறது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்ள முடியாதது ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் வந்தது.

3. இரண்டு விண்ணப்பங்கள்

அந்த வருஷம் விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் கேட்கும் மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஒரு குழு போட்டார்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் எங்கள் குழு ஒரே ஒரு பெயரைத்தான் மேலே அனுப்பலாம். குழுவில் மூன்று பேர். ஒருவர் ஒரு தனியார் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர், பழைய கபடிக்காரர். இன்னொன்று நான். "ஸ்போர்ட்ஸ் கோட்டால வந்தவங்கதான, போடுங்க" என்று போட்டது. தலைவராக வந்தவர் யார் என்றால், நான் சேர்ந்த அன்று என்னை ஆறு-நாலில் ஜெயித்த அதே ஐயா. பல ஜில்லா சுற்றி, பதவி உயர்ந்து, தலை நரைத்து விழுப்புரத்துக்கே வந்திருந்தார்.

டென்னிஸுக்கு வந்தவை இரண்டே விண்ணப்பங்கள்.

முதலாவது ஒரு அதிகாரியின் மகன். பெயர் வேண்டாம். மாநில அளவிலான ஒரு கிளப் போட்டியில் முதல் பரிசு. ஸ்பைரல் போட்ட ஃபைல், கலர் சான்றிதழ், போட்டியின் ஸ்கோர் ஷீட் எல்லாம் கம்ப்யூட்டரில் டைப் அடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் சீல்.

இரண்டாவது பொம்மையார்பாளையத்திலிருந்து தேன்மொழி என்ற பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா காஞ்சனா கடற்கரையோரம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டி, படுக்கைத் துணி துவைக்கிறவர். அந்தப் பெண் ஆட்டம் கற்றது குயிலாப்பாளையம் பக்கம் வெளிநாட்டு அம்மா ஒருவர் போட்டுவைத்த சிமென்ட் கோர்ட்டில். அவளும் மாநிலப் போட்டி ஒன்றில் முதல் பரிசு வாங்கியிருந்தாள். அதன் ஸ்கோர் ஷீட் கையால் எழுதியது. ஒரு மூலையில் காபிக் கறை.

பையனை முதலில் கூப்பிட்டார்கள். நான் அவனுடைய ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபைனல்: 6-5, 6-4.

டென்னிஸ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு செட்டை ஜெயிக்க ஆறு கேம் எடுக்க வேண்டும், ஆனால் எதிராளியைவிட இரண்டு கேம் கூடுதலாக இருக்க வேண்டும். ஐந்து-ஐந்து என்று வந்துவிட்டால் ஏழு-ஐந்து ஆக்கினால்தான் செட். ஆறு-ஆறு என்று நின்றுவிட்டால் டை-பிரேக் ஆடி ஏழு-ஆறு. ஆறு-ஐந்து என்பது நடுவழிக் கணக்கு. உலகத்தில் எந்தப் போட்டியிலும் செட் அங்கே முடியாது. ஒரு நாள் ராக்கெட் பிடித்தவன்கூட இப்படி எழுதமாட்டான். எழுதியவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆறு பெரியது, ஐந்து சின்னது, எழுது என்று டைப் அடித்திருக்கிறார்.

"தம்பி, ஃபைனல்ல முதல் செட் அஞ்சு-அஞ்சு வந்துச்சே, அப்புறம் எப்படி முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"ஆறாவது அடிச்சேன் மேடம். ஜெயிச்சுட்டேன்."

"டை-பிரேக் ஆடுனீங்களா?"

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். வெளியே அவன் அப்பா நின்றிருந்தார். "ஆடினோம் மேடம், இன்டர்வல்ல" என்றான்.

கையைக் காட்டச் சொன்னேன். பஞ்சு மாதிரி இருந்தது. பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு இதில் விருப்பம் இருந்ததாகவே தெரியவில்லை.

அடுத்து தேன்மொழி வந்தாள். கேட்காமலேயே தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவளின் கணுக்காலுக்குக் கீழே சாக்ஸ் அளவுக்கு வெளுப்பு, மேலே வெயில் கறுப்பு. வலது உள்ளங்கையில் காய்ப்பு இருக்க வேண்டிய இடத்தில் காய்ப்பு. அவளுடைய ஷீட்டில் ஃபைனல்: 6-2, 2-1. பக்கத்தில், "எதிராளிக்குக் கால் பிசகியதால் ஆட்டம் நிறுத்தம். வெற்றி: தேன்மொழி" என்று ரெஃபரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கபடிக்கார சார் அதை விரலால் தட்டினார். "மேட்ச் முடியலயே மேடம். ரெண்டாவது செட்டு ரெண்டு-ஒண்ணுலயே நின்னுடுச்சு. இதை எப்படி ஃபர்ஸ்ட் பிளேஸ்னு எடுத்துக்கறது?"

"எதிராளியால தொடர முடியலன்னா ஆடத் தயாரா நிக்கிறவங்கதான் சார் ஜெயிச்சவங்க. அதுதான் ரூல்."

"அது இல்ல மேடம், ஆடிட்ல கேப்பாங்க. முடியாத மேட்ச்சுக்கு எப்படிப் பரிசுன்னு."

தலைவர் அதற்குள் பேனாவைத் திறந்து, 'போட்டி முழுமையடையவில்லை' என்று எழுதிவிட்டார். அந்தப் பெண் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், அந்த அக்காவால நடக்க முடியல. நான்தான் சார் கைத்தாங்கலா கூட்டிக்கினு போய் உக்கார வெச்சேன்" என்றாள்.

"சரிம்மா, வெளியில வெயிட் பண்ணு" என்றார் தலைவர்.

4. உங்களையே ஜெயிச்சவன்

அவள் போனதும் நான் பையனுடைய ஷீட்டை நடுவில் வைத்தேன். ஆறு-ஐந்து என்று ஒரு செட் முடியாது, இந்தத் தாள் பொய் என்று சொன்னேன். கபடிக்கார சாருக்கு உடனே புரிந்துவிட்டது. நேர்மையான மனிதர், ஆனால் தலைவரைப் பார்த்துவிட்டுத்தான் தலையசைக்கலாமா என்று முடிவு செய்வார்.

தலைவர் சிரித்தார்.

"மேரி, டென்னிஸ் எனக்குத் தெரியாதா? நம்ம கிளப்ல எத்தனை நாள் ஆறு-அஞ்சுல முடிச்சிருக்கோம்."

"இருட்டிடுச்சுன்னு நிறுத்தினது சார் அது. லைட் இல்ல நம்ம கோர்ட்டுல."

"சும்மா ரூல் பேசாதீங்க. ஸ்டேட் சாம்பியன், உங்களையே ஜெயிச்சவன் நான். சார், உங்களுக்குத் தெரியுமா, இவங்கள ஆறு-நாலுல அடிச்சேன்." இது கபடிக்காரரிடம். "எது செட்டு, எது செட்டு இல்லன்னு நீங்க எனக்குச் சொல்லித் தராதீங்க."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் பெரிய கொடுமை. உண்மையாகவே ஜெயித்ததாக அத்தனை வருஷமும் நம்பியிருக்கிறார். ஒவ்வொரு ஜில்லாவிலும் சொல்லியிருப்பார். டென்னிஸ் தெரிந்த அதிகாரி என்று இந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்ததே அந்தப் பேச்சாகத்தான் இருக்கும். டென்னிஸ் தெரியும் என்ற அந்தப் பொய்ச் சான்றிதழை அவர் கையில் கொடுத்தது யார்? நான். ஒரு நாற்காலிக்காக.

"சார், அந்த ஆறு-நாலு நான் குடுத்தது" என்றேன்.

"என்ன?"

"சூப்பிரண்டென்ட் சொன்னாரு, ஐயா ஜெயிக்கணும்னு. எட்டாவது கேம் வரைக்கும் உங்க கூடவே வந்தேன். அப்புறம் டபுள் ஃபால்ட் போட்டேன், ரெண்டு பந்து வெளிய அடிச்சேன். நீங்க ஒரு கேம்கூட எங்கிட்ட எடுத்திருக்க முடியாது சார்."

கபடிக்கார சார் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் முகம் சிவந்தது.

"இன்சல்ட் பண்றீங்களா?"

"இல்ல சார். தப்பை ஒத்துக்கறேன். அன்னிக்கு நான் பண்ணது இந்தப் பேப்பர் மாதிரிதான்."

அவர் ஃபைலை இழுத்து, பையன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கபடிக்கார சாரும் போட்டார். "மேடம், உங்களுக்கு உடன்பாடில்லன்னா தனியா எழுதிக் குடுங்க" என்று தலைவர் எழுந்து போனார்.

5. நாலு பக்கம்

எழுதினேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். மாற்றுக் கருத்துக் குறிப்பு என்று அதற்குப் பெயர். குழுவில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மேலதிகாரி அதைப் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நான் சர்வீஸில் எழுதிய குறிப்புகளிலேயே அது சிறந்தது என்று அப்போது நினைத்தேன். ஆறு-ஐந்தை விளக்கினேன். அதே ஷீட்டில் பதினோரு பேர் ஆடியதாக இருந்தது. முதல் சுற்றில் யாரும் ஆடாமல் ஒதுங்கவில்லை என்று காட்டியிருந்தார்கள்; பதினோரு பேரை அப்படி ஜோடி சேர்க்கவே முடியாது என்று கட்டம் வரைந்து காட்டினேன். போட்டி நடந்ததாகச் சொன்ன இடத்துக்குப் போன் போட்டு, அங்கே அந்த மாதம் கோர்ட்டைக் கொத்திப் போட்டிருந்தார்கள் என்று எழுத்து மூலமாகவே வாங்கினேன். வெவ்வேறு அமைப்புகளுடையதாகக் காட்டிய சீல்கள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்ததைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். நாலு பக்கம். எந்தச் சந்திலும் தப்பித்துப் போக முடியாது.

முப்பது வருஷத்துக் கோபமெல்லாம் அந்த நாலு பக்கத்தில் இறங்கியது. பிரம்பு நாற்காலி, ஷட்டிலா என்ற கேள்வி, கோட்டா மேடம், எல்லாம். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'செல்வி தேன்மொழியின் சான்றிதழ் உண்மையானது, ஏற்கலாம்.'

மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. மாற்றுக் கருத்து ஏற்கப்பட்டது. பையனின் விண்ணப்பம் நிராகரிப்பு. மற்ற விண்ணப்பதாரரைப் பொறுத்தவரை, போட்டி முழுமையடையவில்லை என்ற குழுவின் முடிவை மாற்றப் போதிய காரணம் குறிப்பில் இல்லை. ஆகவே டென்னிஸ் பிரிவில் தகுதியானவர் எவரும் இல்லை.

முதலில் மேலதிகாரி மேல்தான் ஆத்திரம் வந்தது. உண்மையாக ஆடின பெண்ணை வைத்துக்கொண்டு எவரும் இல்லை என்று எழுத எப்படிக் கை வந்தது? போன் போட்டுச் சத்தம் போட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் உதவியாளர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், பையன் மேட்டர்ல நீங்க எழுதினதை எல்லாரும் படிச்சாங்க. பொண்ணு மேட்டர்ல படிக்கிறதுக்கு எதுவும் இல்ல மேடம். ஒரு லைன்தான் இருந்துச்சு."

மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். லிஸ்ட் அன்று காலையே சென்னைக்குப் போய்விட்டது என்றார்.

6. பொம்மையார்பாளையம்

தபாலில் தெரிந்துகொள்ளட்டும் என்று விட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, புதுச்சேரி பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன். கெஸ்ட் ஹவுஸ் பின்பக்கம் காஞ்சனா படுக்கை விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தார். தேன்மொழி மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். ஈரக் கையோடு ஓடி வந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். காஞ்சனாவுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

"அந்தப் பையன் பேரை எடுத்துட்டாங்களா? நீங்க நல்லா இருக்கணும் மேடம். அப்ப சீட்டு எங்க பொண்ணுக்குத்தான?"

"இல்லம்மா. யாருக்கும் இல்லன்னு எழுதிட்டாங்க."

"அது எப்படி மேடம்? ஆடாதவனுக்கும் இல்ல, ஆடுனவளுக்கும் இல்லன்னா, அப்புறம் இன்னாத்துக்குக் கூப்ட்டு வெச்சுப் பாத்தாங்க?"

கோபப்பட அந்த அம்மாவுக்குத்தான் உரிமை இருந்தது. ஆனால் அவர் என்னிடம் கோபப்படவில்லை. உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

தேன்மொழி நான் காட்டிய உத்தரவை இரண்டு தடவை படித்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"மேடம், எதிராளியால ஆட முடியலன்னா யாரு வின்னர்னு ரூல் புக்குலயே போட்டிருக்குதே. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருந்தீங்கல்ல?"

வைக்கவில்லை என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். உத்தரவை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மா விட்டுவந்த விரிப்பை எடுத்துக் கொடியில் போடப் போனாள்.

அந்த ரூல் புக் என் வீட்டு பீரோவில்தான் இருந்தது, எத்தனையோ வருஷமாக. கீறல் விழுந்த சீலைப் பெரிதாக்கிக் காப்பி எடுக்க ஜெராக்ஸ் கடையில் அரை மணி நேரம் நின்றவள் நான். இந்த ஒரு பக்கத்தை எடுத்துப்போக எனக்குத் தோன்றவே இல்லை. விதி எனக்குத் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

இதைப் படிக்கிற சின்ன வயது அதிகாரிகளுக்குச் சொல்வது இதுதான். ஏமாற்றுகிறவனைப் பார்த்தால் கோபம் வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் குறிப்பு எழுத உட்காரும்போது முதல் பக்கத்தை, கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனவருக்காக எழுதுங்கள். அவர் பக்கத்து ஆதாரத்தை முதல் இணைப்பாக வையுங்கள். திருட்டைப் பற்றி எழுதக் கடைசியில் இடமிருந்தால் போதும். நான் மாற்றி எழுதினேன். அதனால் ஒரு பெண்ணின் சீட் காலியாகவே போனது.